ஏற்றவும் இறக்கிவிடவும்: தள்ளுவண்டில் பற்றிப் பன்னிரண்டு புத்திமதிகள்

லண்டனில் முதற்பிள்ளை பிறக்கப்போகும் தமிழ் வீட்டில், ஆறாம் மாதமே பேச்சு தள்ளுவண்டிலில் வந்து நிற்கும். எந்த நிறம், எந்தக் கம்பெனி, கூட வேலை செய்பவள் எதை வைத்திருக்கிறாள், ஒன்று நூறு பவுணுக்குக் கிடைக்க இன்னொன்று ஏன் ஆயிரத்தைத் தாண்டுகிறது என்று கேள்விக்கு மேல் கேள்வி. பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கும்போது அதே வீட்டில் வேறொரு கேள்வி எழும்: இன்னும் இதில் வைத்துத் தள்ளலாமா?

பேரப்பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு இந்த ஊர்த் தெருக்களில் திரிந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இரண்டு கேள்விக்கும் அடி ஒன்றுதான். பிள்ளையின் கால் ஓயும்போது ஏற்றுவதற்குத்தான் வண்டில். எங்களுக்கு நேரம் போதாத நேரமெல்லாம் ஏற்றத் தொடங்கும்போதுதான் சிக்கல்கள் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

1. கடைக்குப் போகமுன் வீட்டுப் படிகளை எண்ணுங்கள்.

கடையின் வழுவழுப்பான தரையில் எந்த வண்டிலும் ஒரு விரலால் ஓடும். உங்கள் வீட்டில் லிப்ட் இருக்கிறதா, இருந்தால் கிழமைக்கு எத்தனை நாள் வேலை செய்கிறது, வாசல் எவ்வளவு ஒடுக்கம், காரின் பின்பெட்டிக்குள் எது அடங்கும் என்று முதலில் பாருங்கள். அளவுநாடாவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனாலும் வெட்கமில்லை.

எடையையும் கூட்டிப் பாருங்கள். குடைபோல் மடங்கும் சின்ன பக்கி 6, 7 கிலோ இருக்கும். படுக்கைத் தொட்டிலோடு வரும் பெரிய வண்டில் 12 முதல் 15 கிலோ வரை போகும். ஒரு வயதுப் பிள்ளை 9, 10 கிலோ. நப்பிப் பையையும் பால் போத்தலையும் சேர்த்தால், லிப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கு நீங்கள் தூக்கப்போவது 25 கிலோவுக்குக் கிட்ட. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழே பொது வாசலில் விட்டுவிட்டு ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தீப்பிடித்தால் எல்லாரும் ஓடிவரும் வழி அது. அங்கே வண்டில் நிற்கக்கூடாது.

இன்னொன்று: பகலில் அதைத் தள்ளப்போவது யார்? நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் அம்மம்மாவோ அப்பம்மாவோதான். உங்கள் உயரத்துக்குச் சரியான கைப்பிடி ஐந்தடிக்குக் குறைந்த அம்மாவின் தோளை வாட்டும். ஏற்றி இறக்கக்கூடிய கைப்பிடி உள்ளதாய்ப் பாருங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளச் சொல்லுங்கள்.

2. பிறந்த பிள்ளை மல்லாந்து நீட்டிப் படுக்கவேண்டும்.

முதல் ஆறு மாதமும் கழுத்தும் முதுகும் தம்மைத் தாமே தாங்காத காலம். அந்தக் காலத்துக்குத் தட்டையாகப் படுக்கவைக்கும் தொட்டில், அல்லது முழுதாகச் சரியும் இருக்கை வேண்டும். மலிவான குடைப் பக்கிகள் பலவற்றில் முதுகுப்பக்கம் பாதிதான் சரியும். அவை பிள்ளை தானாக நிமிர்ந்து இருக்கத் தொடங்கியபின் வாங்கவேண்டியவை.

கார் சீற்றை அப்படியே கழற்றிச் சில்லுச் சட்டத்தில் பொருத்தும் வண்டில்கள் இப்போது நிறைய வருகின்றன. காரிலிருந்து கிளினிக் வாசல் மட்டும் போக நல்ல வசதி. ஆனால் பிள்ளை அதில் நித்திரையாகிவிட்டது, எழுப்பினால் அழும் என்று கடை கடையாகத் தள்ளித் திரியாதீர்கள். வளைந்து இருக்கும்போது தலை முன்னால் விழுந்து, நாடி நெஞ்சில் முட்டி, மூச்சு தடைப்படலாம். பயணம் முடிந்ததும் எடுத்துத் தட்டையாகக் கிடத்துங்கள்.

3. பிள்ளையின் முகம் உங்களைப் பார்க்கட்டும்.

இந்தப் பன்னிரண்டில் நான் விட்டுக்கொடுக்காதது இது. 2008இல் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் என்ற உளவியலாளர், பிரித்தானியத் தெருக்களில் வண்டில் தள்ளிய 2,700க்கும் மேற்பட்ட பெற்றோரைக் கவனித்த ஓர் ஆய்வை வெளியிட்டார். பிள்ளை தள்ளுபவரைப் பார்த்து இருக்கும் வண்டில்களில், பிள்ளையோடு கதைப்பது இருமடங்குக்கும் மேல் இருந்தது. பிள்ளைகள் நித்திரையாவதும் அதில்தான் கூட. காரணம் தேடி எங்கும் போகத் தேவையில்லை. முதுகைப் பார்த்து எவ்வளவு நேரம் கதைப்பீர்கள்? கை தானாகப் போனை எடுத்துவிடும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நேர்சரியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் ஆங்கிலம். தமிழ் கேட்பது வீட்டுக்குள்ளும் இந்த வண்டில் பயணத்திலும்தான். இருபது நிமிட நடையில் சிவப்பு பஸ், மழைத்தண்ணி, நாய்க்குட்டி, தபால்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு போனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு முன்பே பாதி வேலை முடிந்தது. இருக்கையை இரு பக்கமும் திருப்பக்கூடிய வண்டில் சற்று விலை கூடும். முடிந்தால் அதற்குக் கொடுங்கள். துணி நிறத்துக்கும் தோல் கைப்பிடிக்கும் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள்.

4. லேபலை வாசியுங்கள், மடித்துப் பாருங்கள்.

தள்ளுவண்டில்களுக்கு ஈஎன் 1888 என்றொரு ஐரோப்பியத் தரம் உண்டு. 2018ஆம் ஆண்டுப் பதிப்பின் முதற்பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கான வண்டில்களையும், இரண்டாம் பகுதி 22 கிலோ வரை தாங்குபவற்றையும் சொல்கிறது. உங்கள் வண்டில் எத்தனை கிலோ வரை என்பது லேபலில் இருக்கும். பின்னால் நிறுத்தும் பேச்சு வரும்போது அந்த எண் தேவைப்படும்.

மடிப்பு இன்னும் முக்கியம். ஒரு காலத்தில் இந்நாட்டுப் பிராம்கள் பெரிய சில்லுகளோடு குதிரை வண்டிபோல் இருந்தன; அவற்றோடு பஸ் ஏறமுடியாது. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்கு சில்லுகளில் வேலை செய்த பொறியியலாளர் ஓவன் மெக்லாரன், 1965இல் அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டிலை வடிவமைத்தார். எடை 3 கிலோ அளவுதான். கைப்பிள்ளையோடு தாய்மார் பஸ்ஸிலும் ரெயிலிலும் தாராளமாகப் போகத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆகவே மடிக்கக் கஷ்டமான வண்டில், எவ்வளவு வடிவாக இருந்தாலும், பாதி வண்டில்தான். கடையில் ஒரு கையில் சாமான் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மடித்துப் பாருங்கள்.

மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை ஒரு எட்டு தள்ளி நிற்கவேண்டும். 2009இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டில்களை மீளழைத்தார்கள். கீலுக்குள் விரல் அகப்பட்டு நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. பாவித்த வண்டில் வாங்குவதில் குறையொன்றுமில்லை, நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் கீல், பிறேக், வார், பூட்டு நான்கையும் பார்த்து, அந்த மாதிரி மீளழைக்கப்பட்டதா என்றும் தேடிப்பார்த்து வாங்குங்கள்.

5. கைப்பிடியில் பை தொங்கவிடாதீர்கள்.

ஈஸ்ற்ஹாம் ஹை ஸ்றீற் நோர்த்தில் சனிக்கிழமை பின்னேரம் பாருங்கள். கைப்பிடியின் ஒரு பக்கம் மரக்கறி, மறுபக்கம் மீன், நடுவில் அரிசி மூட்டை. பிள்ளை இருக்கும்வரை வண்டில் நிற்கும். பிள்ளையைத் தூக்கிய கணம் பின்பக்கமாகக் குடைசாயும். பிள்ளை மெலிந்ததென்றால் இருக்கும்போதே சாயும். பாரம் கீழ்க்கூடைக்குள் போகவேண்டும். கூடை கொள்ளாவிட்டால் அது அன்றைக்குக் கொள்ளாத சாமான். அரிசியை மற்றவர் காரில் கொண்டுவரட்டும்.

6. வார் எப்போதும், பிறேக் எங்கும்.

இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை வார் இருக்கவேண்டும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று மாட்டாமல் போகவேண்டாம். பிள்ளை வழுக்கி விழுவதற்கு நடைபாதை விளிம்பு ஒன்று போதும். தடித்த குளிர் ஜக்கெற்றுக்கு மேல் வாரை இழுத்தால் இறுகியதுபோல் இருக்கும், உள்ளே இடைவெளி கிடக்கும். மெல்லிய உடுப்போடு வாரை மாட்டி, மேலே கால்பை அல்லது கம்பளியைப் போடுங்கள்.

நிற்கும் இடமெல்லாம் பிறேக். ரெயில் நிலைய மேடைகள் சம தரைபோல் தெரிந்தாலும் மெல்லிய சரிவு இருக்கும். ரிக்கற் தேடக் கையை எடுக்கும் நேரம் போதும், வண்டில் நகர்ந்துவிடும். பிறேக்கைப் போட்டு, வண்டிலைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள். முன்சில்லு தண்டவாளத்தைப் பார்த்து ஒருபோதும் நிற்கக்கூடாது.

7. வெயிலுக்குத் துணியால் மூடாதீர்கள்.

இது எங்கள் தலைமுறைக்குத்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும். குளிர் நாடென்று வந்து, பிள்ளையைச் சுற்றிச் சுற்றி மூடியே பழகிவிட்டோம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. இந்த நாட்டிலும் இனி வெயில் உண்டு. மெல்லிய துணிதானே என்று வண்டிலின் வாயை மூடினால் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறும், பிள்ளையின் முகமும் தெரியாது. கொழுவும் குடையோ நிழல் கூரையோ போதும். மழைக்கவரும் அப்படித்தான். கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போனதும் கழற்றுங்கள், தொப்பியையும் எடுங்கள். சூடு தெரியப் பிள்ளையின் கையைத் தொடாதீர்கள், அது எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள்.

8. பஸ்ஸில் அந்த இடம் உங்களுடையது அல்ல.

பஸ் நடுவிலுள்ள வெற்றிடத்தில் முதல் உரிமை சக்கரநாற்காலியில் வருபவருக்கு. 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில், பிள்ளை நித்திரை, வண்டில் மடியாது என்று ஒரு தாய் இடம் விடவில்லை. சக்கரநாற்காலிப் பயணி ஏறமுடியாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, சும்மா ஒருமுறை கேட்டுவிட்டுச் சாரதி விட்டுவிட முடியாது, அதற்கு மேலும் முயலவேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பானது. சாரதி கேட்குமுன்பே எழுந்து மடியுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும், அடுத்த தரிப்பிடத்தில் ஓய்ந்துவிடும்.

ரியூப்பில் நகரும் படிக்கட்டில் பிள்ளையோடு வண்டிலை ஏற்றாதீர்கள். லிப்ட் இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கி வண்டிலை மடியுங்கள். படி இல்லாத நிலையங்களை ரியூப் படத்தில் சக்கரநாற்காலிக் குறி காட்டும். எலிசபெத் லைனின் 41 நிலையங்களிலும் தெருவிலிருந்து மேடைவரை படியின்றிப் போகலாம். வழியை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

9. தேருக்கு வண்டில் கொண்டுபோகவேண்டாம்.

ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் ஓகஸ்ற் மாதத்தில் வீதிக்கு வரும். நெருக்கமான கூட்டத்தில் வண்டிலில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவது சேலைக் கொசுவமும் சப்பாத்துகளும்தான். கற்பூரப் புகையும் கூட்டத் தள்ளலும் அதன் மட்டத்திலேயே இருக்கும். கைப்பிள்ளையை நெஞ்சோடு அணைக்கும் துணித் தூளியில் வைத்திருங்கள், முகமும் மூக்கும் எப்போதும் தெரியவேண்டும். பெரிய பிள்ளையென்றால் அப்பாவின் தோள் இருக்கிறது.

10. நடக்கத் தொடங்கினால் நடக்கவிடுங்கள்.

பிள்ளைகள் பிடிப்பின்றி நடக்கும் வயது ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் கணித்தபடி, அது 8 மாதத்துக்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழ 17½ மாதம் வரை பரந்திருக்கிறது. அக்காவின் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்று உங்கள் பிள்ளையை உலுப்பாதீர்கள். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் ஹெல்த் விசிற்றரிடமோ டொக்டரிடமோ காட்டுங்கள்.

அதே நிறுவனம் 2019இல் இன்னொன்றும் சொன்னது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வண்டிலிலோ உயர் கதிரையிலோ ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது. அதே ஆண்டு வெளியான பிரித்தானிய மருத்துவ அதிகாரிகளின் வழிகாட்டலில், நடக்கும் வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிடமாவது உடலசைவு வேண்டும். வீட்டுக்குள் ஓடுவது, ஏறுவது, ஆடுவது எல்லாம் அதில் சேரும். ஆனாலும் காலையில் வண்டிலில் நேர்சரி, பின்னேரம் வண்டிலில் கடை, பிறகு தொலைக்காட்சி முன் சோபா என்றால் அந்த நிமிடங்கள் எங்கிருந்து வரும்?

ஊரில் மர நடைவண்டியைப் பிள்ளை பிடித்துத் தள்ளி நடக்கும். தள்ளுவண்டிலில் அந்த வேலையை நாங்கள் பறித்துக்கொள்கிறோம். ஆகவே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குத் திரும்பும் கடைசித் தெருவில் இறக்கிவிடுங்கள். வெற்று வண்டிலின் கைப்பிடியை உங்களோடு சேர்ந்து அதுவும் தள்ளட்டும். ரோட்டோரமென்றால் நடைவார் மாட்டுங்கள், அல்லது கையைப் பிடியுங்கள். பிள்ளையை உள்ளே இருத்தி உருளவிடும் வாக்கர் மட்டும் வேண்டாம். படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது.

11. நிறுத்தும் நாளைப் பிள்ளையின் கால் சொல்லும்.

சட்டமாக ஒரு வயது இல்லை. என் கணக்கு இது: இரண்டு வயதில் கிட்டிய இடங்களுக்கு வண்டில் வீட்டில் நிற்கவேண்டும். மூன்றில் அன்றாடத்துக்கு அது தேவைப்படக்கூடாது. விமான நிலையம், முழுநாள் உலா, காய்ச்சலில் எழும்பிய கிழமை என்று எப்போதாவது எடுத்தால் போதும். நான்கு வயது முடிந்து வரும் செப்டெம்பரில் ரிசெப்ஷன் வகுப்பு தொடங்கும். அங்கே நாள் முழுக்க நின்று, ஓடி, வரிசையில் நடக்கவேண்டும். அதற்கு ஒரு வருடமாவது முன்பே கால்கள் பழகியிருக்கவேண்டும். வண்டிலே குறிப்புக் கொடுக்கும்: பாதம் தரையில் உராயும், முழங்கால் மடங்கி இடிக்கும், 15 கிலோ லேபலைப் பல பிள்ளைகள் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் தாண்டிவிடும்.

ஒரே நாளில் ஒளித்துவைக்காதீர்கள். ஒரு சின்ன வழியைத் தெரிந்து, அந்த வழிக்கு மட்டும் வண்டில் இல்லை என்று வையுங்கள். பூங்காவோ தபால்பெட்டியோ பரவாயில்லை. பிறகு இன்னொரு வழி. எங்கே களைக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு மதிலோ வாங்கோ இருந்தால் இருந்துவிட்டுப் போங்கள். தம்பியோ தங்கச்சியோ பிறந்து வண்டில் கைமாறும் சமயத்தில் பறித்ததுபோல் செய்யாதீர்கள். சின்னவர் வருமுன்பே பெரியவர் இறங்கியிருக்கட்டும், அல்லது வண்டிலின் பின்னால் நிற்கும் சில்லுப்பலகை ஒன்றைப் பூட்டுங்கள்.

"சொல்வழி கேட்காவிட்டால் வண்டிலில் கட்டிவைப்பேன்" என்ற மிரட்டலும் வேண்டாம், "வண்டிலில் இருந்தால் போன் தருவேன்" என்ற கையூட்டும் வேண்டாம். முதலாவதில் வண்டில் சிறையாகும், இரண்டாவதில் சினிமாக் கொட்டகையாகும். இரண்டு வழியாலும் இறக்குவது கஷ்டம்.

உண்மையில் நடக்க ஏலாத பிள்ளைகள் குறைவு. நேரம் இல்லாத பெற்றோர்தான் கூட. ஐந்து நிமிடப் பாதைக்குப் பதினைந்து நிமிடம் வைத்துப் புறப்படுங்கள். பிள்ளை ஒவ்வொரு சருகையும் எடுத்துப் பார்க்கும், ஒவ்வொரு மதிலிலும் ஏறும். அந்தப் பத்து நிமிடம்தான் இதற்கு நீங்கள் கட்டும் விலை. வேலைக்கு ஓடும் காலையில் முடியாவிட்டால் காலையில் ஏற்றுங்கள், பின்னேரம் இறக்குங்கள். ஒரு நேரமாவது நடக்கட்டும்.

12. மற்றவர் வண்டிலைப் பார்த்து வாய் திறக்காதீர்கள்.

கோயிலிலோ கலியாண வீட்டிலோ ஐந்து வயதுப் பிள்ளை வண்டிலில் இருந்தால், "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னும் வண்டிலா?" என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. தசை பலம் குறைந்த பிள்ளைகள் உண்டு. கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்காமல் ரோட்டில் பாய்ந்துவிடக்கூடிய, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் உண்டு. மூட்டுவலி, இதய நோய் உள்ள பிள்ளைகள் உண்டு. இது எதுவும் வெளியே தெரியாது. அவர்களுக்கென்று பெரிய வண்டில்கள் இருக்கின்றன, தேசிய சுகாதார சேவையின் சக்கரநாற்காலிப் பிரிவில் பரிசோதித்துக் கொடுப்பதும் உண்டு. மேலே நான் சொன்ன மூன்று வயதுக் கணக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்களின் தாய்மாருக்கு எங்கள் புத்திமதி தேவையில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வண்டில் போக வழி விட்டால் போதும்.